நடைமேடை ஒன்றுக்கு வந்த செய்தி

அவரை எல்லோரும் மைக் என்றுதான் கூப்பிட்டார்கள். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவர். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது, எது தாமதம், எது ரத்து என்று ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்த தொண்டை அது. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. வீட்டில் குளிக்கப் போவதைக்கூட அறிவித்துவிட்டுத்தான் போவார். "வண்டி லேட்டா வந்ததைக்கூட மன்னிச்சுடலாம். அதை இவன் அனுபவிச்சு, நிறுத்தி நிதானமா சொன்னான் பாருங்க, அதைத்தான் தாங்க முடியல" என்பார் மாடியில் குடியிருந்த அவருடைய அண்ணன்.

அப்படிப்பட்டவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்ததும் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "மெதுவா பேசலாம். கிசுகிசுன்னு பேசினா போதும். சத்தம் போட்டீங்கன்னா இருக்கிறதும் போயிடும். அப்புறம் என்கிட்ட வந்து பிரயோஜனம் இல்ல."

வேலையை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். அவருடைய அறை முன்பக்கம். மனைவி பின்னறையில் கம்ப்யூட்டரையும் எம்பிராய்டரி மெஷினையும் வைத்துக்கொண்டு துணிகளில் பூ வேலை செய்துகொண்டிருப்பாள். அந்த மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்று பேசுவதே காதில் விழாது; கிசுகிசுப்பு எங்கே விழப்போகிறது! தண்ணீர் வேண்டுமென்றால் எழுந்து போய்த் தோளைத் தொட வேண்டும். அவள் ஒவ்வொரு முறையும் திடுக்கிட்டுத் திட்டுவாள். ஊரையே கூப்பிட்டவருக்குச் சொந்தப் பெண்டாட்டியைக் கூப்பிட வழியில்லை. மனுஷன் ஒடிந்து போனார். சாப்பாடு பாதியானது. வாசல் பக்கம் வருவதே நின்றது.

வழி கண்டுபிடித்தவள் மருமகள். மகன் வெளியூரில் வேலையாக இருந்தான், மாதம் ஒருமுறை வருவான். அவள் மருந்தகத்தில் உதவியாளராக இருந்துகொண்டு மருந்தாளுநர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் கீழே மூன்று கம்ப்யூட்டர், மாடியில் ஒன்று. நான்குக்கும் ஹாலில் இருந்த ஒரே இன்டர்நெட் பெட்டியிலிருந்துதான் வயர் போயிற்று. அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நான்கிலும் ஒரு சின்ன புரோகிராமைப் போட்டாள். இங்கே டைப் செய்து பெயரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினால், அந்தக் கம்ப்யூட்டரின் திரையில், எந்த வேலை நடந்துகொண்டிருந்தாலும் அதன்மேல், நட்டநடுவில் ஒரு பெட்டி திறக்கும். ஓகே அழுத்தினால்தான் போகும்.

"மாமா, இனிமே நீங்க கூப்பிட்டா யாரும் காதுல விழலன்னு சொல்ல முடியாது" என்றாள்.

மைக்குக்கு உயிர் வந்துவிட்டது. கம்ப்யூட்டர்களுக்கு அவரே பெயர் வைத்தார். தன்னுடையது நடைமேடை ஒன்று. மனைவியுடையது இரண்டு, மருமகளுடையது மூன்று, மாடி அண்ணனுடையது நான்கு. அன்றே மூன்று திரைகளிலும் முதல் அறிவிப்பு வந்தது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நடைமேடை ஒன்றில் இருப்பவருக்குத் தேநீர் வந்து சேரவில்லை. தடங்கலுக்கு வருந்துகிறோம்."

தினமும் காலை பதினோரு மணிக்கு எல்லோரையும் நலம் விசாரிக்கும் செய்தி ஒன்று தானாகவே போகும்படி செய்துகொண்டார். எல்லோரும் பதில் போட வேண்டும். போடாதவர்களுக்கு அன்று முழுக்க முறைப்பு. மனைவி படிக்காமலேயே ஓகேயைத் தட்டிவிட்டு "ஆம்" என்று ஒரு வார்த்தை அனுப்புவாள். அது அவருக்குப் பெரிய மனக்குறை. "எழுதினதைப் படிக்காம தட்டி விடுறே" என்று கிசுகிசுப்பார். "படிச்சா மட்டும் என்ன, தேநீர்தானே கேட்பீங்க" என்பாள் அவள். மாடி அண்ணன் தினம் ஒரு நக்கல் அனுப்புவார்.

நடுவில் ஒரு நாள் ஹாலில் இருந்த பெட்டி கெட்டுப்போனது. அது தெரியாமல் காய்ச்சலில் கிடந்த மனுஷன் தண்ணீர் கேட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். ஒன்றும் போய்ச் சேரவில்லை. மருமகள் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது அவர் நாக்கு வறண்டு கிடந்தார். அன்றைக்கே அவள் இன்னொரு ஏற்பாடு செய்தாள். நலம் விசாரிக்கும் செய்திக்குப் பத்து நிமிடத்துக்குள் யாருமே பதில் தராவிட்டால், அனுப்பியவர் திரையில் சிவப்புப் பெட்டி ஒன்று வரும்: "உங்கள் செய்தி யாரையும் எட்டவில்லை." யாராவது பதில் தரும்வரை அது மறுபடி மறுபடி வந்து நிற்கும். ஆனால் ஒரு நாளும் அது வர வேண்டியிருக்கவில்லை. மனைவியின் "ஆம்" உடனே வந்துவிடும். வராத ஒன்றை எத்தனை நாள் ஞாபகம் வைத்திருக்க முடியும்? அமைத்தவளும் மறந்தாள், அவரும் மறந்தார்.

மருமகள் இரண்டு முறை அந்தத் தேர்வில் தவறியிருந்தாள். மூன்றாவது முறைதான் கடைசி. அதற்குமேல் எழுத விடமாட்டார்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் எழுதுகிற தேர்வு. எங்கோ உட்கார்ந்திருக்கும் கண்காணிப்பாளர் ஒருவர் கேமரா வழியாக அறையையும், எழுதுகிறவள் முகத்தையும், அவள் திரையையும் விடாமல் பார்த்துக்கொண்டிருப்பார். அறைக்குள் வேறு ஆள் வரக்கூடாது, வெளியிலிருந்து குரல் கேட்கக்கூடாது, திரையில் தேர்வைத் தவிர வேறு எதுவும் தெரியக்கூடாது. தெரிந்தால் ரத்து.

மைக் முந்தின நாளே உஷாராகிவிட்டார். பதினோரு மணிச் செய்தி போகும் பட்டியலிலிருந்து நடைமேடை மூன்றை எடுத்துவிட்டார். எடுத்ததையும் எல்லோருக்கும் அறிவித்தார்.

தேர்வு நாள் காலையில் மருமகளின் கம்ப்யூட்டரில் கேமரா கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றது. மைக் சட்டையை மாட்டிக்கொண்டு புதுக் கேமரா வாங்கக் கடைத்தெருவுக்கு ஓடினார். முதல் கடை பூட்டியிருந்தது. இரண்டாவது கடைக்காரனுக்கு இவர் கிசுகிசுத்தது புரியவில்லை. புரிந்து, எடுத்து, வாங்கி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்தால் மனைவி வாசலிலேயே உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உஷ்! எழுத ஆரம்பிச்சுட்டா. நேரம் ஆயிடுச்சுன்னு உங்க ரூம்லயே உட்கார்ந்துட்டா. உங்க கம்ப்யூட்டர்ல கேமரா நல்லா இருக்கே. டாக்டர்கிட்ட காட்டுறதுக்கு வாங்கினோமே, அது."

"ஒத்துக்கிட்டாங்களா?"

"கேமராவுல பார்க்கிற அந்தம்மா ஸ்பீக்கர்ல கத்தினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. கம்ப்யூட்டர் மாத்தினதே தப்பாம். இன்னொரு சின்ன விஷயம் நடந்தாலும் ரத்துன்னு சொல்லிட்டாங்க."

மைக் ஹாலில் நாற்காலியில் சாய்ந்தார். அப்பாடா என்றிருந்தது. தண்ணீரை வாங்கி இரண்டு மடக்குக் குடித்தார். மூன்றாவது மடக்கில் எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரம் கண்ணில் பட்டது. பதினொன்றுக்கு ஐந்து நிமிடம்தான் இருந்தது. தண்ணீர் புரையேறியது. இருமினால் கேட்குமே என்று துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

பதினோரு மணிச் செய்தி அவருடைய கம்ப்யூட்டரிலிருந்து போகும். போவது திரையில் தெரியாது, அதனால் ஆபத்தில்லை. ஆனால் பதில் வரும். மருமகள் எழுதிக்கொண்டிருக்கும் கேள்வித்தாளின் மேல், நட்டநடுவில், "ஆம்" என்று வந்து உட்காரும். சரியா தவறா என்று கேட்கிற தேர்வில், யாரோ விடை சொல்லிக் கொடுத்த மாதிரி! பதில் போடச் சொல்லி வீட்டையே முறைத்து முறைத்துப் பழக்கியவர் அவர்தான்.

உள்ளே போக முடியாது. கதவைத் தட்ட முடியாது. கரண்டை அணைத்தால் தேர்வே போச்சு. ஹால் பெட்டியிலிருந்து மற்ற வயர்களை மட்டும் பிடுங்கிவிடலாமா என்று குனிந்து பார்த்தார். நான்கும் ஒரே நிறம், ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு சுவருக்குள் போயின. தவறான வயரில் கை வைத்தால் அவர் கையாலேயே அவள் படிப்புக்கு முடிவு கட்டின மாதிரி ஆகும். கையை எடுத்துக்கொண்டார்.

மனைவியைப் பின்னறைக்கு இழுத்துப் போய்க் காதோடு காதாகச் சொன்னார். அவள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் தொடவே மாட்டேங்க. சத்தியமா தொடமாட்டேன். மாடிக்குப் போங்க. அவர் இந்நேரம் டைப்பே பண்ணி வச்சிருப்பாரு!"

போன் செய்தால்? அண்ணனின் போன் ஊரைக் கூட்டுகிற மாதிரி அடிக்கும். அவர் உட்காருகிற இடம் தேர்வு நடக்கிற அறைக்கு நேர் மேலே. மைக் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு படியேறினார். பாதியில் முழங்கால் பிடித்துக்கொண்டது. கைப்பிடிச் சுவரைப் பிடித்து உடம்பைத் தூக்கி ஏறினார்.

அண்ணன் திரைக்கு முன்னால்தான் இருந்தார். செய்தி வந்துவிட்டிருந்தது. மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒற்றை விரலால் பதிலைத் தட்டி முடித்திருந்தார்: "நான் நலம். உன் அறிவிப்புத்தான் தொல்லை." விரல் எண்டர் பட்டனுக்கு மேலே நின்றது. மைக் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தார்.

"டேய், என்னடா இது..." என்று அண்ணன் வாயெடுத்தார். அவருடைய சாதாரணப் பேச்சே நாலு வீடு கேட்கும். மைக் இன்னொரு கையால் அவர் வாயைப் பொத்தினார். வயசான இரண்டு பேர் இப்படிக் கட்டிப் புரளுவதைப் பார்த்திருந்தால் யாராயிருந்தாலும் சிரித்திருப்பார்கள். மைக்குக்கு அழுகைதான் வந்தது. விஷயத்தைக் கிசுகிசுத்தார். அண்ணனின் கண்கள் பெரிதாகி, பிறகு சின்னதாயின. தலையாட்டினார். மைக் கையை எடுத்தார். இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் பிடிபட்ட பிள்ளைகள் மாதிரி கட்டிலில் உட்கார்ந்தார்கள்.

கீழே சத்தமில்லை. பிழைத்தோம் என்று நினைத்தார் மைக்.

அண்ணன் தன் வாழ்நாளில் முதல்முறையாகக் கிசுகிசுத்தார்: "ஏன்டா, நாங்க யாருமே பதில் போடலன்னா, உன் திரையில என்னமோ சிவப்பா வரும்னு மருமக அன்னைக்குச் சொன்னாளே?"

மைக் தலையில் அடித்துக்கொண்டார். சிவப்புப் பெட்டி! பதிலை நிறுத்த ஓடோடி வந்து, அதை வரவழைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். அதுவும் ஒரு தடவையோடு போகாது. யாராவது பதில் தருகிறவரை வந்துகொண்டே இருக்கும்.

"அப்போ ஏதாவது ஒண்ணு வரத்தான் போகுது" என்றார் அண்ணன். "சிவப்பு வந்தா திரும்பத் திரும்ப வரும். பதில் போட்டா ஒரு தடவைதான். போட்டுத் தொலைச்சிடுவோம்."

"நீங்க எழுதின அந்த நக்கலையா?"

"என்னோடது வேண்டாம். நீதான் பெரிய அறிவிப்பாளராச்சே. அந்தக் கண்காணிப்பு அம்மாவுக்கே அறிவிச்சிடு. உள்ளதை உள்ளபடி சொல்லு."

"வெளியிலிருந்து செய்தி வரக்கூடாதுங்கறதுதானே அண்ணா விதியே?"

"இப்ப அதுக்கு வேற வழி இருக்கா? இருந்தா சொல்லு."

வழி இல்லை. மைக் விசைப்பலகையை இழுத்துக்கொண்டார். பழக்க தோஷத்தில் "கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தார். அண்ணன் பல்லைக் கடித்தார்: "வண்டி வருதா, வரலையா? அதை மட்டும் சொல்லுடா!" எல்லாவற்றையும் அழித்துவிட்டு எழுதினார்: "தேர்வுக் கண்காணிப்பாளருக்கு. இந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வீட்டில் உள்ளவர்களுக்குத் தினமும் தானாகப் போகும் செய்திக்கு இது பதில். அதை நிறுத்த மறந்தது மாமனாராகிய என் தவறு. தேர்வு எழுதுபவருக்கு இது தெரியாது."

பட்டியலில் நடைமேடை ஒன்றைத் தேர்ந்தெடுத்தார். அனுப்பினார். அனுப்பிய கையோடு படிகளில் இறங்கினார். முழங்கால் வலித்ததே அவருக்குத் தெரியவில்லை.

ஹாலுக்கு வந்தபோது அறைக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கறாரான குரல் ஸ்பீக்கரில் கேட்டது. மருமகள் ஏதோ சொல்வதும், குரல் அதை வெட்டுவதும் கேட்டது. மனைவி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். கதவு திறந்தது. மருமகள் முகத்தில் ரத்தமே இல்லை.

"மாமா, உள்ள வாங்க. செய்தி அனுப்பினவர் நேர்ல வந்து வாயால சொல்லணுமாம். எழுதிக் காட்டக்கூடாதாம்."

அவர் உள்ளே போய்க் கேமராவுக்கு முன்னால் நின்றார். தன் சொந்த அறை. தன் சொந்த நாற்காலி. அவர் எழுதியது இன்னும் திரையின் நடுவில் நின்றது. அதற்குப் பின்னால் கேள்வித்தாள். மூலையில் நேரம் கழிந்துகொண்டே இருந்தது.

"நீங்கள் யார்? இந்தச் செய்தி என்ன? சொல்லுங்கள்" என்றது குரல்.

மைக் கிசுகிசுத்தார்.

"கேட்கவில்லை. சத்தமாகப் பேசுங்கள்."

மறுபடியும் சொன்னார். கொஞ்சம் காற்றும் கரகரப்பும்தான் வந்தது.

"கேட்கவில்லை. இப்படி இருந்தால் நான் தேர்வை முடித்துவிட வேண்டியிருக்கும்."

"மேடம், அவருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆயிருக்கு. சத்தமா பேசக்கூடாது" என்றாள் மருமகள்.

"நீங்கள் பேசக்கூடாது. அவர் பேசட்டும்."

மருமகள் அவரைத் திரும்பிப் பார்த்து, வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் கண்ணில் நீர் நின்றது. போனால் போகட்டும் மாமா, பேசாதீங்க என்றுதான் அதற்கு அர்த்தம். இரண்டு முறை தவறி, வேலையும் பார்த்து, சமையலும் பார்த்து, புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டே தூங்கியவள். நாக்கு வறண்டு கிடந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த கை. அவர் அவளைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்தார். அறிவிப்பறையில் நிற்பது போல முதுகை நிமிர்த்தினார். இடது கை தானாகக் காதருகே போனது. மூச்சை உள்ளே இழுத்தார்.

பேசினார். முதல் வார்த்தை கிழிந்து வந்தது. இரண்டாவது வார்த்தை நின்றது. அப்புறம் அந்தப் பழைய குரல், நிறுத்தி நிதானமாகச் சொல்லும் அதே குரல், கதவைத் தாண்டி, ஹாலைத் தாண்டி, மாடிக்குக் கேட்டது. தான் மாமனார் என்றும், இது தன் கம்ப்யூட்டர் என்றும், தினமும் பதினோரு மணிக்கு வீட்டாரை நலம் விசாரிக்கும் செய்தி தானாகப் போகும் என்றும், அதை நிறுத்தாதது தன் தவறு, இந்தப் பெண்ணுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை என்றும் சொன்னார். கடைசியில், "தடங்கலுக்கு வருந்துகிறேன்" என்றார். வேலைக் காலம் முழுக்கத் தினமும் சொன்ன வாக்கியம். ஒரு நாளும் வருந்திச் சொன்னதில்லை. அன்றைக்குத்தான் வருந்திச் சொன்னார்.

ஸ்பீக்கரில் யாரிடமோ கேட்பது போல முணுமுணுப்பு. பிறகு, "அந்தப் புரோகிராமை என் கண் முன்னால் மூடுங்கள். அறையை விட்டு வெளியே போங்கள். இழந்த நேரம் திரும்பத் தரப்படாது. தேர்வைத் தொடரலாம்" என்றது.

வெளியே வந்து கதவைச் சாத்தியதும் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னங்க, தொண்டை வலிக்குதா?" என்றாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. கிசுகிசுப்புக்கூட வரவில்லை. சைகையால் தண்ணீர் கேட்டார்.

டாக்டர் திட்டினார். அண்ணன் டாக்டரைத் திட்டினார். திட்டி என்ன பிரயோஜனம்? போனது போனதுதான். மருமகள் பல நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே நடமாடினாள். கடைசிக் கேள்விகள் சிலவற்றுக்கு நேரம் போதவில்லை என்று அத்தையிடம் மட்டும் சொல்லியிருந்தாள். தேறவில்லை என்று வந்தால், குரலும் போய் அவள் படிப்பும் போய், இரண்டுக்கும் தானே காரணம் என்ற நினைப்பு மைக்கைத் தின்றுகொண்டிருந்தது. பதினோரு மணிச் செய்தியை அவர் மறுபடி போடவே இல்லை. வீட்டில் மூன்று பேருக்கும் அந்த நேரம் வந்தால் கை சும்மா இருக்காது. திரையைப் பார்ப்பார்கள், ஒன்றும் இருக்காது.

முடிவு வந்த அன்று மருமகள் நேரே அவர் அறைக்கு வந்து, போனை அவர் முன்னால் நீட்டினாள். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். பிறகு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்தப் புரோகிராமைத் திறந்து, எல்லோருக்கும் என்பதைத் தேர்ந்தெடுத்தார்.

மாலையில் மகன் வந்தபோது அம்மா பின்னறையில் வேலையாக இருந்தாள். திரையின் நட்டநடுவில் ஒரு பெட்டி நின்றது: "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. நம் வீட்டு மருந்தாளுநர் வந்து சேர்ந்துவிட்டார்." பூ டிசைன் பாதி அதற்குப் பின்னால் மறைந்திருந்தது. அவள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்து, தெரிகிற ஓரத்தை மட்டும் வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

"என்னம்மா இது, ஓகேயைத் தட்டிட்டு வேலையைப் பார்க்கறதுதானே?" என்று மவுஸை எடுத்தான் மகன்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டாள். "சும்மா இருடா. தட்டினா போயிடுமில்ல" என்றாள்.